ஸாம்ப் ரொம்ப நல்ல பிள்ளை, அதுதான் சிக்கல்

ஆங்கிலத்தில் XAMPP என்று எழுதும் இந்த மென்பொருளை எப்படி உச்சரிப்பது என்பதிலேயே ஆளுக்கொரு கட்சி. பாலிடெக்னிக்கில் எங்கள் லேப் சார் ‘ஜாம்ப்’ என்பார். சீனியர் அண்ணன்கள் ‘எக்ஸாம்ப்’ என்பார்கள், அரியர் பேப்பர் ஞாபகமோ என்னவோ. நான் ஸாம்ப் என்று பழகிவிட்டேன். அந்த ஆரஞ்சு நிறச் சின்னத்தை முதலில் பார்த்தது 2008-ல், அதே லேபில். இன்று கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே வாடகைக்குப் பிடித்த அறையில் உட்கார்ந்து கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைக்கிறேன். அறையில் இரண்டு கம்ப்யூட்டர். இரண்டிலும் காலையில் முதலில் திறப்பது அதே சின்னத்தைத்தான். இத்தனை வருஷம் கூடக் குப்பை கொட்டிய ஒன்றைப் பற்றி நல்லது கெட்டது எழுதி வைக்கலாமே என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வெப்சைட் ஓடுவதற்கு மூன்று பேர் வேண்டும். கேட்கிற பக்கத்தை எடுத்துக் கொடுக்க அப்பாச்சி, கணக்கு வழக்கைக் காப்பாற்றி வைக்க ஒரு டேட்டாபேஸ், இரண்டுக்கும் நடுவே நின்று வேலை பார்க்கப் பிஎச்பி. விண்டோஸில் இந்த மூன்றையும் தனித்தனியாக இறக்கி ஒருவரோடு ஒருவரைப் பேச வைப்பது ஒரு நாள் வேலை. நாள் முடிவில் பேசுவார்கள் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஸாம்ப் மூன்று பேரையும் சமாதானப்படுத்தி ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறது. நெட் இல்லாவிட்டாலும் சொந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சர்வர் ஓடும். அதில் செய்து பார்த்து, உடைத்து, திருத்தி, அப்புறம் வெளியே ஏற்றிக்கொள்ளலாம். 2002-ல் ஜெர்மனியில் கை சைட்லர், கை ஃபோகல்கெசாங் என்ற இரண்டு பேர் ஆரம்பித்த ‘அப்பாச்சி ஃபிரெண்ட்ஸ்’ குழுவின் வேலை இது. இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பது அவர்கள் விஷயத்தில் அப்படியே உண்மை.

பெயரில் உள்ள எக்ஸ், எந்த ஆபரேட்டிங் சிஸ்டமானாலும் சரி என்பதற்கு. ஏ அப்பாச்சி. எம் என்பது டேட்டாபேஸ்: முதலில் மைஎஸ்க்யூஎல்லாக இருந்தது, 2015-லிருந்து மரியாடிபி. ஆனால் கண்ட்ரோல் பேனலில் இன்றும் மைஎஸ்க்யூஎல் என்றே எழுதியிருக்கும், கடை கைமாறிய பிறகும் பழைய போர்டு தொங்குகிற மாதிரி. கடைசி இரண்டு பி-யில் ஒன்று பிஎச்பி, மற்றது பெர்ல் என்ற இன்னொரு நிரல் மொழி. பெர்லை இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. விலை? ஒரு பைசா கிடையாது.

நிறுவுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 150 எம்பி இறக்கி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நடுவில் ஒரு எச்சரிக்கை வரும்: புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போடாதீர்கள், விண்டோஸ் எழுத அனுமதிக்காது என்று. நிறையப் பேர் அதைப் படிக்காமலே ஓகே கொடுத்துவிடுகிறார்கள். சி ட்ரைவில் நேராக ஸாம்ப் என்ற ஃபோல்டர், அதற்குள் எச்டிடாக்ஸ் என்ற ஃபோல்டர். நாம் எழுதுவதெல்லாம் அதற்குள் போகும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் வந்து நிற்கும். அவ்வளவுதான்.

கண்ட்ரோல் பேனல் பார்க்க அழகாக இருக்காது. பழைய மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி இருக்கும், ஆனால் எந்தப் பட்டன் எதற்கு என்று குழப்பமே வராது. அப்பாச்சிக்குப் பக்கத்தில் ஸ்டார்ட் அழுத்தினால் பெயர் பச்சையாகும், 80, 443 என்று போர்ட் எண்கள், அதாவது வெளியோடு பேசுகிற வாசல் எண்கள், தெரியும். டேட்டாபேஸுக்கு 3306. கீழே ஒரு பெட்டியில் என்ன நடக்கிறது என்று வரி வரியாகச் சொல்லும். ஃபைல்ஜில்லா, மெர்க்குரி, டாம்கேட் என்று இன்னும் மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள். அவர்களை நான் எழுப்புவதில்லை. மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் மூடாது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும். புதிதாகச் சேரும் பையன்கள் ‘அண்ணே, காணாமப் போயிடுச்சு’ என்று கூப்பிடுவது இதற்காகத்தான். என்னிடம் இருக்கும் பேனலின் தலையிலேயே 2021 ஏப்ரலில் செய்தது என்று போட்டிருக்கிறது. மாற்றவில்லையே என்று எனக்குக் குறையில்லை. ரெகுலேட்டரை யார் மாற்றுகிறார்கள்?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்கும் ஒரு பெரியவருக்குப் போன வருஷம் சைட் செய்துகொண்டிருந்தேன். பாதி முடிந்திருந்தது. ‘தம்பி, கொஞ்சம் காட்டுங்களேன்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் ராத்திரி அலுப்பில், பிரவுசரின் மேலே இருந்த முகவரியை அப்படியே காப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலை ஆறரைக்குப் போன்.

‘தம்பி, நீங்க அனுப்பிச்சது திறக்கவே மாட்டேங்குதே. நெட்டெல்லாம் இருக்கு.’

நான் அனுப்பியது லோக்கல்ஹோஸ்ட் என்று ஆரம்பிக்கும் முகவரி. இத்தனை வருஷம் இதே தொழிலில் இருப்பவன் செய்கிற காரியமா இது? லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இந்த மெஷின்’ என்று அர்த்தம், 127.0.0.1. என் மெஷினில் அடித்தால் என் மெஷின், அவர் போனில் தட்டினால் அவர் போன். பாவம் அந்தப் போன், ‘உன்கிட்ட விளக்குக் கடை இருக்கா’ என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்து, இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறது.

‘ஐயா, தப்பு என்னோடது. பத்து மணிக்கு மாடிக்கு வாங்க, உங்க போன்லயே காட்டறேன்’ என்றேன்.

அதுவும் முடிகிற காரியம்தான். அவர் போனை என் வைஃபையில் சேர்த்து, என் கம்ப்யூட்டரின் உள் முகவரியைக் கண்டுபிடித்து (அன்றைக்கு 192.168.1.7), விண்டோஸ் ஃபயர்வாலில் அப்பாச்சிக்கு வழி விட்டதும் விளக்குகள் அவர் கையில் வந்து நின்றன. கம்ப்யூட்டரில் காட்டுவதைவிட வாடிக்கையாளரின் சொந்தப் போனில் காட்டுவதற்குத் தனி மரியாதை. அதோடு, எழுத்து சின்னதாக இருக்கிறதா, பட்டன் விரலுக்கு அகப்படுகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஸாம்ப் இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்கிறது: சைட்டைப் பக்கத்துப் போனுக்குக் காட்டும், ஆனால் டேட்டாபேஸைத் திறந்து பார்க்கிற பிஎச்பிமைஅட்மினை மட்டும் காட்டாது. அதை அதே மெஷினிலிருந்து மட்டுமே திறக்கலாம் என்று முதலிலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

‘தம்பி, இது என்ன, அன்னக் குத்து?’

எட்டிப் பார்த்தேன். ‘நாச்சியார்கோயில் அன்னக் குத்து’ என்று இருந்தது. மேலே அன்னம் உட்கார்ந்திருக்கிற அருமையான ஐந்தடி விளக்கு. என் தயவில் அன்னம் யாரையோ குத்திக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பொருளின் பெயருக்கு டேட்டாபேஸில் 30 எழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். ‘நாச்சியார்கோயில் அன்னக் குத்துவிளக்கு’ என்பதை விரல் விட்டு எண்ணினால் இடைவெளி சேர்த்து 21 எழுத்து. 30 தாராளம் என்று நினைத்தேன். ஆனால் கம்ப்யூட்டர் தமிழை நம்மைப் போல எண்ணுவதில்லை. கு என்பது நமக்கு ஒரு எழுத்து. அதற்குக் க ஒன்று, உகரக் கொம்பு ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்தாலும் இரண்டு. குத்துவிளக்கு என்ற ஒரு சொல் நமக்கு 7 எழுத்து, டேட்டாபேஸுக்கு 13. முழுப் பெயருக்கு 37 வேண்டியிருந்தது, நான் விட்டது 30. கணக்காகக் ‘குத்து’ முடிகிற இடத்தில் கத்தி விழுந்துவிட்டது.

சரி, தப்பு என் கணக்கில். ஆனால் இடம் பற்றவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? ஸ்ட்ரிக்ட் மோடு என்று ஒன்று உண்டு. அது இருந்தால் ‘டேட்டா நீளம் அதிகம்’ என்று சொல்லிச் சேர்க்கவே மறுத்துவிடும். ஸாம்ப்போடு வரும் அமைப்பு ஃபைலில் அது இல்லை. அதனால் சத்தம் போடாமல் வெட்டி எறிந்துவிட்டு, சேர்த்தாச்சு என்று பச்சைப் பட்டையைக் காட்டியது.

இந்த ஒரு குணத்தைத்தான் நான் தலைப்பில் சொன்னேன். ஸாம்ப் நம் மனம் கோணாமல் நடந்துகொள்ளும் பிள்ளை. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், எதையும் தட்டிக் கேட்காது. வெளியே இருக்கிற சர்வர் அப்படி இல்லை, மாமியார் மாதிரி. வீட்டில் யாருமே கண்டுகொள்ளாத குறையையெல்லாம் முதல் நாளே எடுத்து வைக்கும்.

அதே விளக்குக் கடையை ஏற்றிய அன்று இன்னொரு கூத்து. என் மெஷினில் 46 படமும் ஜொலித்தன. சர்வரில் ஏற்றியதும் 31 படம் காணோம், உடைந்த சட்டம் மாதிரி ஒரு குறிதான் இருக்கிறது. ஃபைல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டபின் கண்ணில் பட்டது: பெரியவரின் மகன் கேமராவில் எடுத்த படங்களின் வால் ஜேபிஜி என்று பெரிய எழுத்தில் இருந்தது, நான் நிரலில் எழுதியது சின்ன எழுத்தில். விண்டோஸுக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். சர்வரில் ஓடுகிற லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். ஸாம்ப் விண்டோஸின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதுவும் கண்டுகொள்ளவில்லை. அன்றிலிருந்து எந்த ஃபைல் வந்தாலும் பெயரைச் சின்ன எழுத்தாக்கிய பிறகே ஃபோல்டருக்குள் விடுகிறேன். டேபிள் பெயர்களுக்கும் அதே சட்டம்.

மூன்றாவது அடி தமிழுக்கு விழுந்தது. இது வேறொரு வாடிக்கையாளர், ஒரு பாத்திரக் கடை. என் மெஷினில் தமிழ் அருமையாகத் தெரிந்தது, ஏனென்றால் எந்த மொழி எழுத்தையும் சேமிக்கிற யூடிஎஃப்8எம்பி4 என்கிற முறையில் ஸாம்ப் தன் டேட்டாபேஸை அமைத்தே தருகிறது. வாடகை சர்வரில் இருந்த பழைய டேட்டாபேஸோ, தமிழுக்கு இடமே இல்லாத லத்தீன்1 முறையில் இருந்தது. அது எந்தக் கம்பெனியின் சர்வர் என்பது இங்கே வேண்டாம். பார்க்காமல் டேபிளை உருவாக்கியவன் நான்தான். அந்த முறையின் முழுப் பெயரில் சுவீடிஷ் என்ற சொல் வரும். மைஎஸ்க்யூஎல் பிறந்தது ஒரு சுவீடன் கம்பெனியில், அதனால் அவர்கள் ஊர் அகர வரிசை அதன் இயல்பு வரிசையாகிவிட்டது. 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் அதை மாற்றினார்கள். சுவீடன்காரருக்கு அண்டா, குண்டா, தவலை என்றால் என்ன தெரியும்? எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டன. பக்கம் முழுக்க வரிசையாகக் கேள்விக்குறிகள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, தமிழில் வேலை செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. கேள்விக்குறியாகச் சேமித்திருந்தால் போனது போனதுதான், திரும்ப எழுத வேண்டும். தலையில் சாய்கோடு போட்ட ஏ-யும், வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் மாறி மாறி வந்தால் பதற வேண்டாம். அது நம் தமிழேதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. சேமித்தது சரியா, காட்டுவது தப்பா என்று பார்த்துச் சரிசெய்துவிடலாம். எனக்கு வந்தவை கேள்விக்குறிகள். 212 பாத்திரங்களை உட்கார்ந்து மறுபடி ஏற்றினேன்.

இன்னும் சிலவற்றைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பிஎச்பியில் பிழை வந்தால் ஸாம்ப் எந்த ஃபைலில் எந்த வரி என்று திரையிலேயே காட்டும். சர்வரில் வெறும் வெள்ளைப் பக்கம்தான் வரும், லாக் ஃபைலைத் தேடிப் போக வேண்டும். மெயில் அனுப்பும் நிரல் ஸாம்ப்பில் இயல்பாக வெளியே போகாது. பிஎச்பியின் அமைப்பு ஃபைலான பிஎச்பி.ஐஎன்ஐ-யில் மெயில்டுடிஸ்க் என்கிற வரியை உயிர்ப்பித்தால் ஒவ்வொரு மெயிலையும் ஒரு ஃபோல்டரில் எழுதி வைக்கும். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது, ஏனோ பாதிப் பேருக்கு இது இருப்பதே தெரியவில்லை. அதே ஃபைலில் இன்ட்ல் என்ற வரிக்கு முன்னாலுள்ள அரைப்புள்ளியை எடுத்துவிட்டால், தமிழை நம்மைப் போலவே எண்ணுகிற ஒரு கட்டளையும் கிடைக்கும். அன்னத்தைக் குத்த வைப்பதற்கு முன்பே எனக்கு இது தெரிந்திருக்கலாம்.

இப்போது பெரிய விபத்து.

மூன்று வருஷம் முன்னால், ஐப்பசி மழை. லாட்ஜ் ஒன்றுக்கு ரூம் புக்கிங் செய்துகொண்டிருந்தேன். யுபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதமாகியிருந்தது, மாற்றலாம் மாற்றலாம் என்று நாள் ஓட்டிக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது, வந்தது, உடனே மறுபடி போனது. ராத்திரி ஸாம்ப்பைத் திறந்து மைஎஸ்க்யூஎல்லைத் தட்டினால் ஒரு நொடி மஞ்சளாகி அணைந்துவிட்டது. கீழே சிவப்பில் செய்தி: எதிர்பாராமல் நின்றுவிட்டது. காரணம், போர்ட் அடைபட்டிருக்கலாம், தேவையான ஃபைல் இல்லாமலிருக்கலாம், அனுமதி பற்றாமலிருக்கலாம், கிராஷாகியிருக்கலாம், வேறு வழியில் நிறுத்தப்பட்டிருக்கலாம். ஜோசியர் ஒன்பது கிரகத்தையும் ஒன்று விடாமல் சொல்லிவைக்கிற மாதிரி. இது ஸாம்ப் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு தடவையாவது பார்க்கிற செய்தி. மின்சாரம் சட்டென்று போகும்போது டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருந்தால் அதன் உள் ஃபைல்கள் பாதியில் நின்றுவிடும். மறுபடி எழுந்திருக்க மறுக்கும்.

அதுவரை நடந்தது கரண்டின் வேலை. அடுத்தது என் வேலை. ஏதோ ஒரு வீடியோவில் யாரோ சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, டேட்டா ஃபோல்டருக்குள் போய் ஐபிடேட்டா1 என்ற ஃபைலை அழித்தேன். ஸ்டார்ட் தட்டினேன். பச்சை! துள்ளிக் குதித்தேன். பிஎச்பிமைஅட்மினைத் திறந்தேன். இடப்பக்கம் டேபிள் பெயரெல்லாம் வரிசையாக இருந்தன: ரூம், கெஸ்ட், புக்கிங். ஒன்றைத் தொட்டேன். ‘இந்த டேபிள் எஞ்சினில் இல்லை.’ அடுத்தது. அதே பதில். பெயர்ப் பலகை மட்டும் வாசலில், உள்ளே வீட்டைக் காணோம்.

எந்த டேபிள் எங்கே இருக்கிறது என்ற பேரேடு முழுக்க அந்த ஒரு ஃபைலுக்குள்தான் இருக்கிறது. அதை அழித்தால் மற்றவை இருந்தும் இல்லாதவைதான். மூன்று வார வேலை. லாட்ஜ்காரரிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை.

செய்திருக்க வேண்டியது வேறு. முதலில் டேட்டா ஃபோல்டரை அப்படியே வேறு பெயரில் மாற்றி ஓரமாக வைக்க வேண்டும். பக்கத்தில் பேக்கப் என்று ஒரு ஃபோல்டரை ஸாம்ப்பே தந்திருக்கும். அதைக் காப்பி செய்து டேட்டா என்று பெயர் வைக்க வேண்டும். பழையதிலிருந்து நம் சொந்த டேட்டாபேஸ் ஃபோல்டர்களையும், முக்கியமாக அந்த ஐபிடேட்டா1 ஃபைலையும் எடுத்து இதில் போட வேண்டும். மைஎஸ்க்யூஎல், பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா, பிஎச்பிமைஅட்மின் என்ற பெயருள்ள ஃபோல்டர்களைத் தொடக் கூடாது. அப்புறம் ஸ்டார்ட். பத்துக்கு ஒன்பது தடவை எனக்கு எழுந்துவிட்டது. எழுந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் எடுத்துவிட வேண்டும், நம்பி வேலையைத் தொடரக் கூடாது. இப்போது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, டேட்டாபேஸை நகல் எடுக்கிற மைஎஸ்க்யூஎல்டம்ப் தானாக ஓடிப் பென்டிரைவில் எழுதுகிற மாதிரி விண்டோஸ் ஷெட்யூலரில் போட்டிருக்கிறேன். அந்த மைஎஸ்க்யூஎல்டம்ப்பும் ஸாம்ப்புக்குள்ளேயே இருக்கிற சாமான்தான், இவ்வளவு வருஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது நான்.

அப்பாச்சி பக்கம் இவ்வளவு சோகம் கிடையாது. அதற்கு வரும் ஒரே நோய் 80-ஆம் போர்ட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பது. முன்பெல்லாம் பழைய ஸ்கைப் அந்த இடத்தில் துண்டு போட்டு வைத்திருக்கும். இப்போது பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வெப் சேவை. ‘80-ஐ 4-ஆம் எண் புரோசஸ் வைத்திருக்கிறது’ என்று வந்தால் அது விண்டோஸேதான், டாஸ்க் மேனேஜரில் போய் நிறுத்தப் பார்க்காதீர்கள். சேவைகள் பட்டியலில் வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் என்று இருப்பதை நிறுத்தலாம். இல்லையா, சண்டையே வேண்டாம், அப்பாச்சியின் அமைப்பு ஃபைலில் 80 என்பதை 8080 ஆக்கிவிட்டு ஒதுங்கிப் போகலாம். நான் ஒதுங்கிப் போகிற கட்சி.

அடிக்கடி வரும் ஒரு கேள்விக்கும் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ‘தம்பி, எதுக்கு மாசா மாசம் சர்வர் வாடகை? கடைக் கம்ப்யூட்டர்லயே இதைப் போட்டு ஓட்டிட்டா என்ன?’ அரிசி மண்டியிலிருந்து ஸ்கேன் சென்டர் வரை கேட்டுவிட்டார்கள். நிறைய இடத்தில் பில் போடுகிற மென்பொருள் இப்படி ஸாம்ப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. செய்தவர்களே இது நிஜக் கடைக்கு அல்ல, சோதனைக்குத்தான் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். டேட்டாபேஸின் முதலாளிக் கணக்குக்குப் பாஸ்வேர்டே கிடையாது, வாசல் கதவு திறந்தே கிடக்கும். கடைக்குள் இருக்கிற நாலு கம்ப்யூட்டருக்கு மட்டும் என்றால், பாஸ்வேர்ட் போட்டு, நல்ல யுபிஎஸ் வைத்து, தினமும் பேக்கப் எடுக்க ஒரு ஆளைப் பொறுப்பாக்கிவிட்டு ஓட்டலாம், செய்தும் கொடுத்திருக்கிறேன். ரௌட்டரில் ஓட்டை போட்டு வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தால், நான் அந்த வேலையை எடுத்துக்கொள்வதில்லை.

சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தால், என் திரையைப் பார்த்ததும் ‘மாமா, இன்னுமா ஸாம்ப்?’ என்பான். அவனுக்கு டாக்கர்தான் குலதெய்வம். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டாக்கர் என்பது மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டுகிற ஒன்று; சர்வரில் இருக்கிற அதே லினக்ஸ், அதே பதிப்பை அதில் இங்கேயே ஓட்டலாம். ஃபைல்களையும் லினக்ஸ் பக்கமே வைத்துக்கொண்டால் அந்த ஜேபிஜி கூத்து நடக்காது. ஆனால் என் இரண்டாவது கம்ப்யூட்டரில் 4 ஜிபி ராம். அதில் அவன் டாக்கரைப் போட்டுக் காட்டினான். டாக்கர் வந்து உட்கார்ந்தது, பிரவுசர் எழுந்து போய்விட்டது. மெஷினின் வயசு அப்படி. ஒரு பக்கத்தை மட்டும் சட்டென்று பார்க்க வேண்டுமென்றால் எதுவுமே தேவையில்லை, பிஎச்பிக்குள்ளேயே 2012-லிருந்து ஒரு குட்டி சர்வர் இருக்கிறது, ஒரு வரி கட்டளையில் எழுந்து நிற்கும். ஸாம்ப் மாதிரியே இன்னொரு மூட்டையான லேராகானும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வேலைக்கும் தனி முகவரியைத் தானே அமைத்துக் கொடுப்பது அதில் சுகம். ஸாம்ப்பில் அதற்கு இரண்டு ஃபைலில் கை வைக்க வேண்டும். அப்படிப் பெயர் வைக்கும்போது கடைசியில் டெஸ்ட் என்று முடித்துவிடுங்கள், அது சோதனைக்கென்றே ஒதுக்கிய வால். டெவ் என்று வைத்திருந்தவர்களுக்கு 2017 டிசம்பரில் குரோம் 63 வந்ததும் எல்லாமே பூட்டுப் போட்ட (எச்டிடிபிஎஸ்) முகவரிக்குத் தாவி, பக்கம் திறக்காமல் போனது. அதில் நானும் ஒருத்தன்.

குறை என்று சொல்லப் போனால் எனக்கு இருப்பது பதிப்பு விஷயத்தில்தான். நான் வைத்திருப்பது 2023 நவம்பரில் வந்த 8.2.12. அதிலுள்ள பிஎச்பி 8.2-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 டிசம்பரோடு முடிகின்றன. மேலே ஏற்ற ஒரு பட்டனும் கிடையாது. புதிதாக நிறுவி, எச்டிடாக்ஸையும் டேட்டாபேஸையும் நாமே சுமந்து வர வேண்டும். பக்கத்துப் பாலிடெக்னிக் பிள்ளைகள் சீனியரின் பழைய பிராஜெக்டை வாங்கிக்கொண்டு வந்து ‘அண்ணே, ஓட மாட்டேங்குது’ என்பார்கள். பார்த்தால் மைஎஸ்க்யூஎல் கனெக்ட் என்று பழைய கட்டளை. அதைப் பிஎச்பி 7-லேயே தூக்கிவிட்டார்கள், 2015-ல். அவர்களுக்காகவே பழைய ஸாம்ப் ஒன்றை வேறு ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் எழுப்பக் கூடாது, போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் யோசிக்காமல் இதையே போடலாம். போட்ட அன்றைக்கே அமைப்பு ஃபைலில் ஸ்ட்ரிக்ட் மோடை எழுதி விடுங்கள், பெயர்களுக்கு இடத்தைத் தாராளமாக விடுங்கள். விளக்குக் கடையில் நான் இப்போது விட்டிருப்பது 150.

யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி சொல்லியிருக்கிறேன், மூன்று வருஷம் முன்னால் மாற்றியது மறுபடி படுத்துவிட்டது. பேட்டரிக்காரர் வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். எந்த வியாழன் என்று சொல்லவில்லை.